துணைக்கு வந்தவ

இங்கிட்டு வந்து உக்காரு தங்கச்சி. அங்க வெயிலு. இன்னும் செத்த நேரத்துல அந்தச் செவுத்து நெழலும் ஓடிப்போயிரும், பெறகு மண்டை காஞ்சு போகும். இந்தப் பாலிடெக்னிக்குல எந்நேரம் எங்க நெழலு விழும்னு என்னையத்தான் கேக்கணும். இந்தா, இந்தத் துண்டு மேல உக்காரு, சிமிண்டு பெஞ்சு சுடும். கூச்சப்படாத, என் துண்டுதான். வாச்மேன் சேதுண்ணன் ரூம்புலயே வச்சிட்டுப் போயிருவேன். காலையில நான் கேட்டுக்குள்ள நொழையிறதுக்குள்ள அவரே எடுத்து விரிச்சுப் போட்டிருப்பாரு.

மகளைச் சேக்க வந்தியாக்கும்? அந்தா வரிசையில பச்சை சுடிதார் போட்டு நிக்குதே, அதா? நல்ல லட்சணமான பிள்ளை. என்ன கோர்ஸு? தையலா. எல்லாரும் மொதல்ல தையல்லதான் வந்து விழுறது. எம்மகளும் அங்கதான் ஆரம்பிச்சா.

நானா? அட, நான் படிக்க வரல தாயி! இந்த வயசுல எனக்கென்ன படிப்பு வேண்டிக்கெடக்கு. எம்மக பாண்டிமீனா படிக்கிறா. நான் அவளுக்குத் துணைக்கு வந்தவ. காலையில கூடவே பஸ் ஏறி வருவேன், அவ கிளாஸு முடியுற வரைக்கும் இந்த வேப்பமரத்தடியில உக்காந்திருப்பேன், முடிஞ்சதும் கையோட கூட்டிட்டுப் போயிருவேன். இங்க என்னையத் தெரியாத ஆளு கெடையாது. ஆபீஸ் பியூன் என்னைய ‘ஹெச்.ஓ.டி. அம்மா’ன்னுதான் கூப்புடுவான், ரவுசு பிடிச்ச பய. ஒரு நா பிரின்சிபாலே போற போக்குல நின்னு, “என்னம்மா, இன்னைக்கு வாத்தியாருக எல்லாரும் வந்துட்டாங்களா?”ன்னாரு. நான் சும்மா இருக்கேனா? “ஏ.சி. மெக்கானிக் சாரு மட்டும் இன்னும் வரலங்கய்யா”ன்னுட்டேன். சிரிச்சுக்கிட்டே போனாரு. அந்தச் சாரு இன்னைக்கு வரைக்கும் என்னையப் பாத்தா மொறைச்சுக்கிட்டுத்தான் போறாரு.

இன்னைக்கு சர்ட்டிபிகேட் குடுக்குற நாளு. ஹாலுக்குள்ள பிள்ளைகளை மட்டுந்தான் விடுவாங்களாம். போகட்டும், நமக்கென்ன, இங்க காத்தாவது வருது.

நீ என்ன வேலை பாக்குற? மில்லா. ஷிப்டு வேலையா. அப்ப நாளையிலருந்து பிள்ளைய எப்படி அனுப்புவ? தனியாவா? தனியா பஸ் ஏறி, தனியா வந்து, தனியா போகுமா? அடி ஆத்தி! ஒனக்கு எப்படித்தான் மனசு வருதோ. தப்பா நெனைக்காத, கூடப் பெறந்தவ மாதிரி நெனைச்சுச் சொல்றேன். பொம்பளப்பிள்ளைய வெளிய அனுப்புனா பின்னாலயே ஒரு கண்ணு இருக்கணும். நான் என்ன பாடு பட்டு எம்மகளைக் காப்பாத்திக் கொண்டாந்திருக்கேன்னு கேட்டுக்க. கேட்டுட்டுப் பெறகு முடிவு பண்ணு.

மீனா பிளஸ் டூ முடிச்சா. நல்ல மார்க்குதான். காலேஜெல்லாம் வேண்டாம்னுட்டாரு எங்க வீட்டுக்காரரு. எங்களுக்கு மாட்டுத்தீவனக் கடை. வீட்டு முன்பத்திதான் கடை, பின்பத்தியில நாங்க. தவுடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டைன்னு முன்னால அடுக்கிக் கெடக்கும், அதத் தாண்டித்தான் யாரும் உள்ள வரணும், வெளிய போகணும். கடை வாசல்ல நைலான் கட்டில் ஒன்னு போட்டு அவரு உக்காந்திருப்பாரு. அவரு தங்கமான மனுசன், அதையும் சொல்லிரணும். குடி கெடையாது, கை நீட்டினது கெடையாது. ஒரே ஒரு பழக்கந்தான். யாரு படி தாண்டினாலும் “எங்க?”ம்பாரு. அவ்வளவுதான், ஒரு வார்த்தை. பக்கத்து வீட்டுக்கு ஒறைமோரு வாங்கப் போனாலும் “எங்க?” குப்பை கொட்டப் போனாலும் “எங்க?” கோவமெல்லாம் இருக்காது குரல்ல. நாமளும் பதிலு சொல்லிட்டுப் போகலாம், தடுக்கவா செய்றாரு? ஆனா பதிலு சொல்ற மாதிரி ஒரு எடம் இருக்கணும்ல. எனக்கென்ன எடம் இருக்கு? எங்காத்தா வீடும் இல்லன்னு ஆகிப்போச்சு. அதனால நான் பேசாம உள்ளயே இருந்துக்குவேன். ஓட்டுப் போடக்கூட அவரே மொபெட்டுல பின்னால ஏத்திட்டுப் போயி, ஓட்டுப் போட்ட மை காயுறதுக்குள்ள வீட்டுல கொண்டாந்து எறக்கிருவாரு.

அப்ப ஒரு நா மைக் செட்டு கட்டுன ஆட்டோ ஒன்னு தெருவுல வந்துச்சு. அரசு பாலிடெக்னிக்குல குறுகிய காலப் பயிற்சி, கட்டணம் கெடையாது, சான்றிதழ் குடுப்பாங்கன்னு கத்திக்கிட்டே போனான். ஆட்டோ முக்கு திரும்புற வரைக்கும் மீனா படியில நின்னு கேட்டா. அன்னைக்கு ராவு சோறு வேண்டாம்னு படுத்தவதான், மறுநாளும் எந்திரிக்கல. அவருக்கே ஒரு மாதிரியாப் போச்சு. ஒத்தப் பிள்ளைல்ல. “சரி, போகட்டும். ஆனா ஆத்தாக்காரி கூடவே போயி கூடவே வரணும்”னு முடிச்சுட்டாரு.

நான் அன்னைக்கு அழுத அழுகை இருக்கே! வீட்டு வேலை தலைக்கு மேல கெடக்கு, இதுல டவுனுக்கு யாரு அலையிறதுன்னு மக மேல வஞ்சேன். மொத நாளு பஸ்ல ஏறயில, தங்கச்சி, எதப் பிடிக்கணும், எங்க உக்காரணும், ஒன்னும் தெரியல. மீனாதான் கையப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சா. பெறகு ஜன்னலு ஓரமாப் பழகிருச்சு. கம்மாக் கரை வரும், தீப்பெட்டி ஆபீஸு வரும், ரயில்வே கேட்டுல நின்னா வெள்ளரிப்பிஞ்சு விக்க வருவாங்க. எனக்கு ஜன்னல் இல்லாட்டி கொமட்டும். அதனால ஜன்னல் சீட்டுக்கு நான் முட்டி மோதி ஏறிருவேன், மீனா பக்கத்துல.

எல்லாம் அவளுக்காகத்தான். இந்த ஒடம்ப வச்சுக்கிட்டு மழையிலயும் வெயில்லயும் இந்தப் பெஞ்சுல உக்காந்து கெடக்கேன்னா சும்மாவா? காலையில ஒரு டீ. கேண்டீன் ராஜாத்தி வந்து தானாக் குடுத்துட்டுப் போகும், எனக்குன்னு தனி டம்ளரு வச்சிருக்கு. பெறகு சேதுண்ணன் பேப்பர் படிச்சு நாட்டு நடப்பெல்லாம் சொல்லுவாரு. மத்தியானம் தையல் டீச்சர் வந்து கூட உக்காந்து சாப்புடுவாங்க. ஒரு நா, “சும்மா உக்காந்திருக்கிறதுக்கு நீங்களும் உள்ள வந்து மிசினைத் தொடுங்க”ன்னு இழுத்துட்டுப் போயிட்டாங்க. இந்தா, நான் போட்டிருக்கேன் பாரு ஜாக்கெட்டு, இது அங்க வச்சு நானே தச்சது. கழுத்தப் பாரு, ஒரு சுருக்கம் இருக்கா? “பேசாம சேந்துருங்கம்மா”ன்னாங்க. எனக்குச் சிரிப்பாப் போச்சு. துணைக்கு வந்தவளைப் போயி.

ஆத்தாடி, இது என்ன வேனு, இப்படிப் புழுதியக் கெளப்பிக்கிட்டுப் போறான்! கண்ணத் தொடைச்சுக்க, தொடைச்சுக்க, கசக்காத. ஊதி விடட்டா? காலேஜுக்குள்ள என்ன இம்புட்டு வேகம். கண்ணாடியெல்லாம் கருப்பு ஒட்டி வச்சிருக்கான், உள்ள யாரு இருக்கான்னே தெரியல. சர்ட்டிபிகேட் குடுக்க வந்த பெரிய மனுசனா இருக்கும். குடுத்தமா போனமான்னு கெளம்பிட்டான்.

எங்க விட்டேன்? ஆங், தையலு. மீனா தையல் முடிச்சா. முடிச்ச கையோட ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில வந்து கூப்புட்டாங்க. டவுனுலதான், வேனே வந்து கூட்டிட்டுப் போகுமாம். நான் வேண்டாம்னுட்டேன். பவர் மிசினு காலு நரம்ப இழுத்துரும்னு யாரோ சொல்லிக் கேட்டிருக்கேன். நாளைக்கு ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுக்க வேண்டிய பிள்ளை. “அடுத்து பியூட்டிசியன் கோர்ஸு இருக்குடி, அதுல சேரு”ன்னேன். சேந்தா. அது முடிஞ்சதும் ஒரு பார்லர்க்காரம்மா வந்து கேட்டுச்சு. கண்டவ மூஞ்சியத் தடவுற பொழப்பு நமக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன். பெறகு கம்ப்யூட்டர்ல கணக்கு எழுதுற கோர்ஸு. அதுக்கு ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல கேட்டாங்க. நான் நேர்ல போயி எட்டிப் பாத்தேன். ஆம்பளைக நாலஞ்சு பேரு உக்காந்திருந்தாங்க. அப்படியே திரும்பி வந்துட்டேன்.

இல்லல்ல, வீட்டுக்காரருகிட்ட எதுக்குக் கேக்கணும்? அவருக்கு எதுக்கு வீண் தொல்லைன்னு நானே பாத்துச் சொல்லிருவேன். வீட்டுல ஒரு வரிசையா சர்ட்டிபிகேட்டக் கண்ணாடி போட்டு மாட்டி வச்சிருக்கேன். வர்றவுக போறவுக எல்லாம் பாத்து வாயப் பொளக்குறாங்க. புண்ணாக்கு வாங்க வந்தவன்கூட, “ஒங்க மக கலெக்டரு கணக்கா படிச்சிருக்கே”ன்னான்.

மீனாவுக்குத்தான் அருமை தெரியல. கம்ப்யூட்டர் முடிச்சப்ப சண்டை பிடிச்சா பாரு, அப்படி ஒரு சண்டை. இதே பெஞ்சுல வச்சு. “நான் எதுக்கும்மா படிக்கிறேன்? வெளிய போகத்தான படிக்கிறேன்?”ன்னா. “வெளியதானடி இருக்க, டெய்லி பஸ் ஏறி வர்றீல்ல”ன்னேன். “நீ வர்றம்மா”ன்னா. என்ன பேச்சு இது? நான் வர்றது அவளுக்காகத்தான? வளந்த பிள்ளைக இப்படித்தான், தலையும் இல்லாம வாலும் இல்லாம எதையாச்சும் பேசிப்புட்டு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிரும்.

அதோட இனிமே எந்தக் கோர்ஸும் வேண்டாம்னு படுத்துட்டா. நாங்க ரெண்டு பேரும் வீட்டுலயே கெடந்தோம். அந்தக் காலத்த மட்டும் நெனைக்கவே கூடாது தங்கச்சி. பின்பத்தியில ஒரே ஒரு ஜன்னல். தொறந்தா பக்கத்து வீட்டுச் செவுரு. புண்ணாக்கு வாடை மூக்குலயே நிக்கும். முன்னாடியும் அதே வாடைதான, அப்ப தெரியல, இப்ப எப்படித் தெரிஞ்சுச்சுன்னு எனக்கே வெளங்கல. ராவுல தூக்கம் வராது. பஸ் போற சத்தம் கேக்கும், இது கம்மாக் கரை தாண்டியிருக்கும், இது கேட்டுல நிக்கும்னு மனசு கூடவே போகும். எனக்காகச் சொல்லல, அந்தப் பிள்ளை மூஞ்சியப் பாக்க முடியல. வாடிப் போச்சு.

சரி, தாயா இருந்துக்கிட்டு சும்மா இருக்க முடியுமா? பல்லு வலின்னு சொல்லிட்டு நான் மட்டும் ஒரு நா வந்தேன். ஆமா, நான் மட்டுந்தான். எந்தப் பல்லுன்னு கேட்டாரு, காட்டினேன். வந்து ஆபீஸ்ல கெஞ்சினேன், இன்னும் என்ன கோர்ஸு பாக்கி இருக்குன்னு. அந்தப் பியூன் பய, “ஹெச்.ஓ.டி. அம்மா, மோட்டாரு காயில் கட்டுறதுதான் மிச்சம், அதுல பொம்பளைக யாரும் சேர்றதில்லை”ன்னான். எனக்கு அப்படியே பாலு வாத்த மாதிரி இருந்துச்சு. யோசிச்சுப் பாரு. படிப்பும் ஆச்சு, சர்ட்டிபிகேட்டும் ஆச்சு, அதே நேரத்துல ஒரு பொம்பளப்பிள்ளைய மோட்டாரு கட்ட வான்னு எவன் கூப்புடப் போறான்? ஒரு பய வர மாட்டான். நானும் யாருக்கும் பதிலு சொல்லிக்கிட்டு நிக்க வேண்டாம். எம்மூளைய நானே மெச்சிக்கிட்டேன் அன்னைக்கு.

மீனா கையெடுத்துக் கும்பிட்டா, வேண்டாம்மான்னு. விடுவேனா? இழுத்துட்டு வந்து சேத்தேன். சொல்லித் தர்றது அமலி மேடம். தங்கமான பொம்பளை. பொம்பளப்பிள்ளை வந்திருக்கேன்னு அவங்களுக்கு ஒரே சந்தோசம். மொத வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுப் போனவ, பெறகு என்ன ஆச்சோ, ஒட்டிக்கிட்டா. முடி மாதிரி செப்புக் கம்பி, அத அச்சுல சுத்தணும். ஒரு சுத்து கூடக் கூடாது, ஒரு சுத்து கொறையக் கூடாது, கம்பியில நகம் பட்டுப் பூச்சு ஒரிஞ்சாலும் மோட்டாரு பொகைஞ்சிரும். இரும்புல வெட்டுன காடிப் பள்ளத்துல பேப்பரு வச்சு, அதுக்குள்ள காயிலு எறக்கி, நூலால கட்டி, வார்னிஷ் ஊத்திக் காய வைக்கணும். எனக்கெப்படித் தெரியுமா? அந்தா பாரு ஒர்க் ஷாப்பு ஜன்னலு, இங்கருந்து எல்லாம் தெரியும். நல்லாத் தெரியணும்னா எந்திரிச்சுப் போயி கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். பையன்க கட்டுன மோட்டாரெல்லாம் பொகையும். எம்மக கட்டுனது சத்தமில்லாம ஓடும். அந்தச் சத்தமில்லாத ஓட்டத்தப் பாத்துட்டு அவ ஜன்னலு பக்கம் திரும்பிச் சிரிப்பா. அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல தங்கச்சி, உண்மையச் சொல்றேன்.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. நடுவுல வந்து சேந்தாங்க ஓசூர்க்காரங்க. பேட்டரி ஸ்கூட்டரு வந்திருக்குல்ல, அதுக்கு மோட்டாரு செய்ற கம்பெனி. காயில் கட்டுற எடத்துல பொம்பளைகளை மட்டுந்தான் வைப்பாங்களாம். பொம்பள கைக்குத்தான் கம்பி அறுகாதாம், ஒரியாதாம். எங்க போயிச் சொல்ல இந்தக் கூத்த! எந்தக் கோர்ஸுக்கு எவனும் வர மாட்டான்னு தேடிப் பிடிச்சுச் சேத்தேனோ, அதுக்குத்தான் ஓசூர்லருந்து தேடிக்கிட்டு வர்றான். மீனா கட்டுன மோட்டாரக் கையில தூக்கி வச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்திருக்கான் அந்த மேனேஜரு. அப்பவே வேலைன்னுட்டான். அங்கயே ஹாஸ்டலு, சாப்பாடு எல்லாம்.

அமலி மேடம் இந்தப் பெஞ்சுக்கே வந்து, “அம்மா, ஒங்க மகளுக்கு இது பெரிய வாய்ப்பு, வீட்டுக்காரருகிட்ட நல்லவிதமா எடுத்துச் சொல்லுங்க”ன்னாங்க. மறுநா வந்து, “அவரு முடியாதுன்னுட்டாரு மேடம்”னு சொல்லிட்டேன். கேட்டேனான்னா கேக்கல. எதுக்குக் கேக்க? அவரு என்ன சொல்லுவாருன்னு இத்தனை காலம் குடும்பம் நடத்துனவளுக்குத் தெரியாதா?

ஆனா இந்த மீனா இருக்காளே, அவ நேரா கட்டிலுக்கு முன்னால போயி நின்னுட்டா. “எங்க?”ன்னாரு. “ஓசூருக்குப்பா”ன்னா. கம்பெனி, ஹாஸ்டலு, எல்லாத்தையும் சொன்னா. அந்த மனுசன் கொஞ்ச நேரம் தாடியச் சொறிஞ்சாரு. பெறகு என்ன சொல்றாருங்கிற? “பொம்பளைக மட்டும் இருக்கிற எடம்னா எனக்கொன்னுமில்ல. ஒங்காத்தா சரின்னா போ”ன்னாரு. என்னைய வேற திரும்பிப் பாத்து, “நல்லதாப் போச்சு. நீயும் இனிமே பஸ்ஸு பஸ்ஸுன்னு அலைய வேண்டாம். கடையில மூட்டை பிரிச்சுக் குடுக்க ஆளில்லாம நானும் சங்கடப்படுறேன்”னாரு.

அந்த வாசல், அந்தத் தவுட்டு மூட்டை, அந்தக் கட்டிலு, எல்லாம் அப்படியே கண்ணு முன்னால வந்து நின்னுச்சு தங்கச்சி. பிள்ளைய நெனைச்சுத்தான். கண்காணாத ஊருல தன்னந்தனியா எப்படிக் கெடக்கும்? அங்க குளிரு வேறயாம். “நான் அனுப்ப மாட்டேன். எனக்கு ஒரு பிள்ளை. செத்தாலும் அனுப்ப மாட்டேன்”னுட்டேன். ஹாஸ்டலைப் பத்தி நாலு கதை கட்டிச் சொன்னேன். அவரு, “நீங்களாச்சு, ஒங்க பாடாச்சு”ன்னு திரும்பிப் படுத்துட்டாரு. மீனா அழுகல. அதான் எனக்கு ஆச்சரியம்.

பெறகு தெளிஞ்சுட்டா பாரு. தாய் சொன்னா நல்லதுக்குத்தான்னு புரிஞ்சிருச்சு. கொஞ்ச நாளா எம்மேல அப்படி ஒரு பாசம். தலைக்கு எண்ண தேச்சு விடுறா, பேன் பாக்குறா. போன்ல எப்படிக் கூப்புடுறது, எப்படி எடுக்குறதுன்னு உக்கார வச்சுச் சொல்லித் தர்றா. எனக்கெதுக்குடி இதெல்லாம், நீதான் பக்கத்துலயே இருக்கியேன்னேன். இன்னைக்குக் காலையில ஜன்னல் சீட்டுல துண்டப் போட்டு எனக்கு எடம் பிடிச்சு வச்சா. பெரிய பையி ஒன்னத் தூக்கிட்டு வந்தா, என்னடி இதுன்னு கேட்டேன், லேப் சாமான் திருப்பிக் குடுக்கணும்னா. அவரும் இன்னைக்குக் கட்டிலை விட்டு எந்திரிச்சு பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தாரு. எம்புட்டோ வருசமாச்சு அவரு அப்படி வந்து. மக நெத்தியில துன்னூறு பூசி விட்டாரு. சர்ட்டிபிகேட் வாங்கப் போறாள்ல, அதான். எங்கிட்ட, “நாளையிலருந்து கடைச் சாவி ஒன் இடுப்புலதான்”னாரு. என்னத்தையோ ஒளறுறாருன்னு நானும் ஊங் கொட்டிட்டு ஏறிட்டேன்.

ஏன் தங்கச்சி அப்படிப் பாக்குற? கண்ணு இன்னும் உறுத்துதா?

நான் அடுத்ததும் விசாரிச்சு வச்சிட்டேன். ஊறுகா, ஜாம் போடுற கோர்ஸு புதுசா வருதாம். அதுல எந்தக் கம்பெனிக்காரன் வருவான்? நம்ம வீட்டுல போடாத ஊறுகாயா! ஒம்மக வரிசையில நிக்குதுல்ல, அதுகிட்டச் சொல்லி எம்மகளுக்கும் ஒரு ஃபாரம் வாங்கச் சொல்லு. மீனா வந்ததும் கையோட எழுதிக் குடுத்துருவோம். ரெண்டு பிள்ளைகளும் சேந்தே வரட்டும்.

அந்தா அமலி மேடம் வர்றாங்க பாரு. நான் சொன்னேன்ல, தங்கமான பொம்பளைன்னு. என்ன மேடம், விழா முடிஞ்சுச்சா? மீனா எங்க? இது அவ டிபன் டப்பால்ல, நீங்க எதுக்குத் தூக்கிட்டு வர்றீங்க? அவளுக்கென்ன கையில்லையா? இருங்க, வரட்டும், வஞ்சு விடுறேன்.

என்னா?

எங்க போயிட்டா? ஓசூருக்கா?

எந்த வேனு மேடம்? இப்பப் போச்சே, அதா? இந்தத் தங்கச்சி கண்ணுல புழுதி விழுந்துச்சே, அந்த வேனா? அதுக்குள்ளயா எம்மக இருந்தா? எங்கண்ணு முன்னால, இந்தா இந்த எடத்துல... நான் வேனைத்தான திட்டிக்கிட்டு இருந்தேன். கண்ணாடியாச்சும் எறக்கியிருக்கலாம்ல பாவி மக. ஒரு தடவை எறக்கிட்டு ஏத்தியிருக்கலாம்ல.

அவருகிட்டயா? நான் சரின்னுட்டேன்னு சொல்லியிருக்காளா அவ அப்பாகிட்ட? பொய்யா? எம்மகளா பொய் சொன்னா? எங்கருந்து படிச்சா மேடம் இப்படிப் பொய் சொல்ல? நீங்களும் இதுக்கு உடந்தையா? ஒங்களைப் போயி தங்கம்னு சொல்லிக்கிட்டு இருந்தேனே இவகிட்ட. ஒரு தாய் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டீங்களே மேடம்! நல்லா இருப்பீங்களா?

டப்பாவக் குடுங்க இங்க. சாப்புட்டாளா? மத்தியானச் சோத்த இப்பவே தின்னுட்டுப் போயிருக்கா. கழுவி வேற வச்சிருக்கா. என்னைக்காச்சும் கழுவியிருக்காளா அவ. நான்தான குழாயடியில நின்னு கழுவுவேன்.

என்ன சொல்லச் சொன்னா? எனக்கா? ஊறுகா கோர்ஸுல என்னையவா? எம்பேரையா சொல்லி வச்சிட்டுப் போயிருக்கா? வயசு வரம்பு இல்லையாமா. அவளா கேட்டா? அவளே ஒங்ககிட்டக் கேட்டாளா, எங்கம்மாவச் சேத்துக்குவீங்களான்னு?

என்ன மேடம் நீங்களும் வெளையாடுறீங்க. நான் எப்படி மேடம் படிக்க வர முடியும்? எனக்கு யாரு துணைக்கு வருவா?

போங்க மேடம், நீங்க போங்க. எனக்கு ஒன்னுமில்ல. கொஞ்ச நேரம் உக்காந்திருந்துட்டுப் போறேன்.

தங்கச்சி, நீ எந்திரிக்காத. உக்காரு. ஒம்மக இன்னும் வரிசையிலதான் நிக்குது பாரு. போயிட்டா தங்கச்சி. நல்லாருக்கட்டும். எங்கிருந்தாலும் நல்லாருக்கட்டும். சத்தமில்லாம ஓடுற மோட்டாரு கட்டுறவல்ல, சத்தமில்லாமயே போயிட்டா. இன்னைக்குப் போயி அந்தப் படியேறுனா பெறகு எறங்க மாட்டேன் தங்கச்சி. சாவிய இடுப்புல சொருகி விட்டுருவாரு. உள்ளயே கெடந்து செத்துருவேன். பேசக்கூட யாரு இருக்கா அங்க, செவுருதான் இருக்கு.

இங்க பாரு. ஒம்மக தையல்லதான சேருது? ஒனக்கு மில்லு வேலை, ஷிப்டு. ஒன்னால வர முடியாது. பச்சைப்பிள்ளைய தனியா எப்படி விடுவ? நான் வர்றேன். ஒம்மகளுக்கு நான் துணைக்கு வர்றேன். கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து, இங்க உக்காந்திருந்து, கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி ஒங்கிட்ட விடுறேன். ஒரு ஈ எறும்பு அண்டாது. எனக்கு ஒன்னும் குடுக்க வேண்டாம். டீகூட ராஜாத்தி குடுத்துரும்.

ஆனா நீ எனக்கு ஒன்னே ஒன்னு பண்ணணும். இன்னைக்கே ஒம்மகளைக் கூட்டிக்கிட்டு எங்கூட எங்க வீட்டுக்கு வரணும். வந்து அவருகிட்ட நீ கேக்கணும், “ஒங்க வீட்டம்மாவ எம்மகளுக்குத் துணைக்கு அனுப்பி வைங்கண்ணே”ன்னு. வெளிப் பொம்பள ஒருத்தி வந்து கேட்டா அவரு தட்ட மாட்டாரு, அவ்வளவு மரியாதை தெரிஞ்ச மனுசன். நான் கேக்க முடியாது தங்கச்சி. நான் கேட்டா “எங்க?”ம்பாரு. நான் என்னன்னு சொல்லுவேன்?

கேப்பேல்ல? சொல்லு, கேப்பேல்ல?

அந்தா ஒம்மக வருது. எந்திரி, வா. இப்பக் கெளம்பினா கூட்டமில்லாத பஸ்ஸப் பிடிச்சிரலாம், பேசிக்கிட்டே போவோம். ஜன்னல் சீட்ட நீயே எடுத்துக்க.